அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோருடைய முகநூல் பக்கத்திலும் அதே படம்தான். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), பயணப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா. முதியோர் இல்லத்தில் சேர்த்து 19ஆம் நாள் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான் கதை. கீழே வந்த கருத்துகளைப் படிக்கும்போதுதான் வயிறு எரிந்தது. பாதிப் பேர் மகனைச் சபிக்கிறார்கள், மீதிப் பேர் இல்லத்தைத் திட்டுகிறார்கள். போவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் என்ன கேட்டார்கள், அந்த இடத்தில் என்ன விசாரித்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதியோர் இல்லத்துக்குப் போவது பாவம் என்று நான் சொல்லவே மாட்டேன். விசாரிக்காமல் போவதுதான் கொடுமை. இந்தப் பதிவில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதை மட்டுமே: போகும் முன் கேளுங்கள். இடத்தை நடத்துபவரிடம் கேளுங்கள், அதற்கும் முன்னால் போகப்போகிறவரிடம் கேளுங்கள்.

நம் ஆட்கள் இடம் பார்க்கப் போவது காலை பத்து மணிக்கு. வெயில் இருக்கும், முற்றம் கூட்டியிருக்கும், தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எந்த இடமும் நல்ல இடம்தான். சாயந்தரம் ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர்? அவர்கள் விழித்திருப்பார்களா, அதே கட்டடத்தில் தூங்குவார்களா? மணி அடித்தால் யார் வருவார்? படுக்கையில் கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். முப்பது பேருக்கு இரவில் ஒரே ஆள் என்றால் அந்தப் புரட்டல் நடக்காது என்று கணக்கு தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். ஐந்தரைக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் எட்டுக்குத்தான் காலைச் சாப்பாடு என்றால் நடுவில் பதினான்கரை மணி நேரம். இன்சுலின் போடும் ஆளுக்கு நடு இரவில் இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். வியர்த்து, தடுமாறி, பேச்சுக் குழறும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள்?

அடுத்தது மொழி. இதைத்தான் யாருமே கேட்பதில்லை. மலையகத்தில் இருக்கும் இல்லம் என்பதற்காக அங்கே தமிழ் பேசும் ஆள் இருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். பகலில் அலுவலகத்தில் இருப்பவர் தமிழ் பேசுவார். இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வருபவர் "கொஹேத ரிதென்னே?" (எங்கே வலிக்குது?) என்று சிங்களத்தில் கேட்பார். கடைத்தெருச் சிங்களம் எங்கள் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும், விலை பேசுவார்கள், பஸ் கேட்பார்கள். ஆனால் வலி கடைத்தெருச் சிங்களத்தில் வராது. குடையுது, கடுக்குது, உளையுது, விண்விண்ணென்று தெறிக்குது என்று நாம் சொல்வது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலி. "நெஞ்சைக் கரிக்குது" என்றால் பெரும்பாலும் புளிப்பு மேலே வருகிறது. "நெஞ்சை அடைக்குது" என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டுக்கும் நெஞ்சில் கை வைத்து "ரிதெனவா" (வலிக்குது) என்று மட்டும் சொன்னால், எதிரில் நிற்கும் பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் புளிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். மறதி நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், தாய்மொழிதான் கடைசி வரை மிஞ்சும். ஆகவே கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இரவு முறையில் தமிழ் தெரிந்தவர் யார், வாரத்தில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள்.

கட்டடத்தைப் பார்க்கும்போது பூச்செடியைப் பார்க்காமல் படியை எண்ணுங்கள். நம் ஊரில் எதையும் சரிவை வெட்டித்தான் கட்டுகிறார்கள், அதனால் அறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் படி இல்லாத இடம் அபூர்வம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். மூன்று படி சேர்ந்து 18 அங்குலம் என்றால் 18 அடி சாய்தளம். நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "ரேம்ப் இருக்கு" என்று காட்டினால் நம்பாதீர்கள். கதவு 32 அங்குலமாவது திறக்க வேண்டும். கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்கு எத்தனை எட்டு நடக்க வேண்டும், இரவில் விளக்கு எரியுமா, கொமட் பக்கத்தில் பிடிகம்பி உண்டா, அது சுவரில் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று கையால் இழுத்தே பாருங்கள். கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த முழங்கால் குந்தி எழும்பாது.

குளிரையும் மறக்க வேண்டாம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும். சுடுதண்ணீர் தினமும் வருமா, வாரத்தில் இரண்டு நாளா? ஹட்டன் பக்கம் என்றால் ஜூன், ஜூலை மழையில் ஒருமுறை போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் ஒக்டோபருக்குப் பிறகு. ஆஸ்துமா இழுப்பு உள்ள ஆளை ஈரச்சுவர் அறையில் படுக்க வைத்தால் ஒரு மாதம் தாங்காது.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அது வாசல் வரை வருமா, மேல் ரோட்டிலேயே நிற்குமா? பக்கவாதம் வந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது போதாது. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் பனிமூட்டத்தில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதைகள் எப்படி அறுந்து கிடந்தன என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மருந்து கையிருப்பு உண்டா? மண்சரிவு அபாயம் உண்டா என்று அந்த நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறதா? வெளியேறச் சொன்னால் நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது? 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பார்த்த பிறகும் இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

காசு விசயம். சம்பளத்திலிருந்து சேரும் ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம். தோட்டத்தில் உழைத்தவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது, அந்தக் காசும் சேவைக்காலப் பணமும்தான் மொத்த வாழ்க்கையும். அதை முற்பணமாக ஒரே தடவையில் எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு மாதத்தில் திரும்பினால் எவ்வளவு கிடைக்கும், ஆறு மாதத்தில் எவ்வளவு, இறந்தால் யாருக்கு, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்குங்கள், தமிழில். வாசிக்கத் தெரியாத அம்மா என்றால் வாசித்துக் காட்டுங்கள். மாதக் கட்டணத்தில் எது சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் ஒரு நாளைக்கு மூன்று என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு. அது யார் செலவு? கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வாகனம்? வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் சேமலாப நிதியில் இன்னொரு பெயருமாக இருப்பது நம் பெரியவர்களுக்குப் புதிதில்லை, அதை ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் திருத்துங்கள். பிறகு யார் அலைவது?

"இலவசமாகப் பார்க்கும் இடத்தில் போய் இத்தனை கேள்வி கேட்பதா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஒரு வரிதான் என்னை மிகவும் நோகடித்தது. இலவசம் என்றால் வலியைச் சொல்லக்கூடாதா? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. இல்லம் நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேட்கலாம்.

"நல்ல மகன் அம்மாவை அனுப்புவானா?" என்பவர்களுக்கும் சொல்கிறேன். மகன் கட்டாரில், மருமகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு, பேரப்பிள்ளை ஸ்கூலுக்குப் போனால் விழுந்து கிடந்தாலும் பார்க்க ஆளில்லை. அந்த வீட்டுக்கு நீங்கள் போய் இரவில் படுப்பீர்களா? பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிட்டால் அதே சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், வழி இருக்கிறது. முகநூலில் சபிப்பதால் ஒரு நேரச் சோறும் வராது.

உண்மையில் பாதிக் குற்றம் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அந்த ஒற்றைக் காம்பராவின்மேல் (அறையின்மேல்). பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று தலைமுறை. இல்லத்துக்குப் போனவர் படுத்த மூலை ஒரு வாரத்தில் துணி அலுமாரிக்குப் போய்விடும், யாரும் கெட்டவர்கள் இல்லை, இடம் அவ்வளவுதான். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று, "மலையகம் 200" என்று 2023இல் நடந்தோம். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்று எத்தனை மேடையில் கேட்டோம். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்குத் தன் பெயரில் காணி உறுதி (பத்திரம்) எழுதிய ஓர் அறை இல்லை. உறுதியுள்ள வீட்டுக்காரர் இல்லம் பிடிக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்புவார். இவர் எங்கே திரும்புவார்? அதனால்தான் சொல்கிறேன், முதலில் இரண்டு மூன்று வாரம் தங்கிப் பார்க்கட்டும், அது வரைக்கும் அந்த மூலையை அப்படியே வைத்திருங்கள். அலுமாரியை நகர்த்தாதீர்கள்.

போகிறவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. வெற்றிலைப் பையை வாங்கி வைத்துவிடுவார்களாம், இருப்பீர்களா? மாரியம்மன் திருவிழாவுக்கு யார் வந்து கூட்டிவர வேண்டும்? யாரோடு ஒரே அறையில் படுக்கப் பிடிக்கும்? செத்தால் எங்கே கொண்டுவர வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெரியவர்கள் பயப்படுவதில்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் அவர் பெயரை எடுக்காதீர்கள். இல்லத்துக்குப் போன பிறகும் மாதச் சந்தாவைக் கட்டுங்கள்.

கடைசியாக, அந்தப் படம். அதில் அவருடைய முகம் தெரிகிறது, கையில் பிடித்திருக்கும் கிளினிக் கொப்பியில் எழுதிய பெயர்கூடப் பெரிதாக்கினால் தெரிகிறது. எடுக்கும்போதும் அவரிடம் கேட்கவில்லை, பகிரும்போதும் கேட்கவில்லை. பகிர்ந்தவர்கள் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.