இரண்டு ஆண்டுக் கெடு எந்த நாளிலிருந்து?

முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால், அப்புறம் தொற்று தெரியவந்தாலும் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அது அப்படியே சரியில்லை, நண்பரே.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69 சொல்வது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அறுவைச் சிகிச்சை நாள் என்று அதில் இல்லை. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதுகெலும்புத் தொற்று, குறிப்பாகக் காசநோய், மாதக்கணக்கில் வெறும் முதுகுவலியாகவே இருக்கக்கூடும் என்பதால் இது முக்கியம்.

2010-இல் வி.என். ஸ்ரீகண்டே என்ற மருத்துவர் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. பாதிப்பு உடனே தெரியாதபோது, நோயாளிக்குத் தெரிந்த அல்லது நியாயமான கவனத்தோடு தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே கணக்கு. ஆனால் அதே வழக்கில், ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் அந்த மருத்துவரிடம் திரும்பப் போகாத பெண்ணின் புகார் காலங்கடந்தது என்று தள்ளுபடியானது. அதனால் வலி தொடர்ந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரிபார்ப்பது எளிது. இந்தியா கோட் அரசுத் தளத்தில் பிரிவு 69-ஐத் திறந்து படியுங்கள். தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தளத்தில் கிடைக்கும். உங்கள் நிலைமைக்குப் பொருந்துமா என்று தெரிய, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.