குடைக்குப் பின்னால் ஓர் ஊர்வலம்

பழைய நகரங்களை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது குறித்து என் நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "ஒருவர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, இருபது பேர் மந்தை மாதிரி பின்னால் போவதா? எனக்குக் கால் இருக்கிறது, கைபேசியில் வரைபடம் இருக்கிறது" என்பது ஒரு கட்சி. ஊரில் இறங்கி, பெட்டியை அறையில் வைத்த கையோடு அன்று மாலை நடைக்குப் பெயர் கொடுத்துவிடுவது மறு கட்சி. நான் மறு கட்சி. பல வருடங்களாக அந்தக் குடைகளுக்குப் பின்னால் விசுவாசமாக நடந்திருக்கிறேன். ஆனால் அண்மையில் ஒரு நடையில் என் கட்சிக்காரர்களே என்னை முறைத்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. நான் கேட்டது இரண்டே வார்த்தை: "எப்படித் தெரியும்?"

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு கோட்டைக் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில். வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர். "இந்தப் படிகள் ஏன் வலஞ்சுழியாக ஏறுகின்றன தெரியுமா? மேலிருந்து இறங்கும் காவலனின் வலது கைக்கு வாள் வீச இடம் கிடைக்கும். கீழிருந்து ஏறும் எதிரியின் வலது கை நடுத்தூணில் முட்டிக்கொள்ளும்" என்று கையை வீசியே காட்டினார். எல்லோரும் "ஆகா" என்றார்கள். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர் சிரித்தபடி, "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்கு ஏறினார்.

எல்லோருக்கும் தெரிந்தது என்பது உண்மைதான். ஆனால் கோட்டை கட்டியவர்கள் யாரும் அப்படி எழுதி வைத்ததாகச் சான்று இல்லை. இந்த விளக்கம் பரவலானது 1902இல் தியோடர் குக் என்ற ஆங்கிலேயர் சுழல் வடிவங்களைப் பற்றி எழுதியதற்குப் பிறகு. அதாவது, அந்தக் கல்லைவிடப் பல நூறு வருடங்கள் இளைய கதை. இடஞ்சுழியாக ஏறும் படிகளும் பல கோட்டைகளில் இருக்கின்றன, சிலவற்றில் ஒரே கோட்டைக்குள் இரண்டு வகையும் உண்டு. எதிரி படுக்கையறைப் படிவரை ஏறி வந்துவிட்டான் என்றால், அதற்குமேல் எந்தக் கையில் வாள் இருந்து என்ன பயன் என்ற சாதாரணக் கேள்வியும் இருக்கிறது.

சரி, ஒரு படிக்கட்டுக் கதைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். ஒரு கதை என்றால் விட்டுவிடுவேன். கதைகள் ஊர் விட்டு ஊர் போகின்றன என்பதுதான் என் புகார்.

பிராக் நகரின் பழைய சதுக்கத்தில் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் இருக்கிறது. அதைச் செய்த ஹனுஷ் என்ற கலைஞர் இன்னொரு ஊருக்கும் இதேபோல் ஒன்றைச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. மாஸ்கோவுக்குப் போங்கள். செயின்ட் பேசில் தேவாலயத்தைக் கட்டியவரின் கண்களை இவான் மன்னர் பிடுங்கினாராம். ஆக்ராவுக்கு வாருங்கள். இங்கே கண் இல்லை, கை. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினாராம். மூன்று ஊர், மூன்று ஆட்சி, ஒரே கதை. மூன்றுக்கும் அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

பிராக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தக் கடிகாரத்தை 1410இல் செய்தவர் காடான் ஊர் மிக்குலாஷ் என்ற கடிகாரக்காரர். யான் ஷின்டெல் என்ற அறிஞரும் அதில் பங்கெடுத்தார் என்று கருதப்படுகிறது. ஹனுஷ் பிற்காலத்தில் அதே கடிகாரத்தைப் பராமரித்தவர். ஆனால் பல தலைமுறைகள் அவரைத்தான் படைப்பாளி என்று நம்பின. 1410ஆம் ஆண்டின் ஆவணம் 20ஆம் நூற்றாண்டில் கவனத்துக்கு வந்த பிறகுதான் மிக்குலாஷுக்கு அவருடைய கடிகாரம் திரும்பக் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்லும் வழிகாட்டிக்கு, அவர் கேட்கும் பணத்துக்கு மேலேயே கொடுப்பேன். குருடாக்கிய கதையையும் தாராளமாகச் சொல்லட்டும். வேலை செய்தவனுக்கு மன்னன் என்ன கூலி கொடுத்திருப்பான் என்று மூன்று நாட்டு மக்களும் ஒரே மாதிரி ஊகித்திருக்கிறார்கள் என்றால், அதுவும் வரலாறுதான். கட்டடத்தின் வரலாறு அல்ல, சொன்னவர்களின் வரலாறு. "இது கதை" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும், எனக்குச் சண்டை இல்லை.

வழிகாட்டிகள்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய சுற்றுலா நகரங்களில் "இலவச நடை" என்று ஒன்று பிரபலமாக இருக்கிறது. கட்டணம் கிடையாது, முடிவில் மனம் போல் டிப்ஸ் கொடுக்கலாம். நமக்கு இலவசம். வழிகாட்டிக்கு அல்ல. பல இடங்களில் வந்த ஆட்களின் தலையை எண்ணி, வழிகாட்டிதான் ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். மழையில் வந்து நின்ற முப்பது பேரில் பத்துப் பேர் கடைசித் திருப்பத்தில் நைசாக நழுவிவிட்டால் அது அவர் கையைக் கடிக்கும். இந்த நிலையில் இருப்பவர் வடிகால் அமைப்பைப் பற்றிப் பேசுவாரா, தலை வெட்டிய கதையைச் சொல்வாரா? நானாக இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தலையை வெட்டுவேன். ஆக, நாம் கதைக்குக் காசு கொடுக்கிறோம், கதை வருகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1951 முதல் தன்னார்வ வழிகாட்டிகள் கட்டணமின்றி நகரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். டிப்ஸும் வாங்குவதில்லை. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற நகரியல் சிந்தனையாளரின் நினைவாக 2007இல் டொரான்டோவில் தொடங்கிய நடைகள் இன்று பல நாடுகளில் மே மாத முதல் வார இறுதியில் நடக்கின்றன. அந்தந்தத் தெருவில் வசிப்பவர்களே நடத்துவார்கள். எல்லோரும் இப்படி இலவசமாகச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வழிகாட்டியும் வாடகை கட்ட வேண்டியவர்தான். நேரான கட்டணம் வைத்து, சிறிய குழுவாக அழைத்துப் போகிறவரை நான் எப்போதும் முதலில் தேடுவேன்.

நல்ல வழிகாட்டி என்ன செய்வார்? கதை சொல்வதற்கு முன்னால் பார்க்கச் சொல்வார். யார்க்கையே எடுத்துக்கொள்வோம். தெருப் பெயர்கள் பலவற்றின் முடிவில் 'கேட்' என்று வரும். கதவைத் தேடினால் கிடைக்காது. வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. கோட்டை வாசலுக்கு அங்கே 'பார்' என்று பெயர். ஒரு பலகையைப் படித்தவுடன் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே யார் குடியிருந்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. சான்று தலைக்கு மேலேயே தொங்குகிறது, வழிகாட்டியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. அதே ஊரில் ஷாம்பிள்ஸ் என்ற குறுகலான தெரு. மேல் மாடிகள் இரண்டு பக்கமும் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டுவிடும் போல் நிற்கும். ஒரு காலத்தில் அது இறைச்சிக் கடைக்காரர்களின் தெரு. சன்னலடியில் அகலமான பலகைத் திட்டு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இறைச்சியை அடுக்கிய இடம். மாடியின் நிழல் அதன்மேல் வெயில் படாமல் காத்தது.

இத்தாலியின் பொலோஞா நகரில் நடைபாதைகளுக்கு மேலே வீடுகள் தூண்களின்மேல் நிற்கும். ஊர் முழுக்கச் சேர்த்தால் இந்த நடைக்கூடங்களின் நீளம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 1288ஆம் ஆண்டின் நகரச் சட்டம் புதிய வீடுகளுக்கு நடைக்கூடத்தைக் கட்டாயமாக்கி, உயரத்தையும் ஏழு அடி என்று நிர்ணயித்தது. அவர்களுடைய அடி நீளமானது, நம் கணக்கில் சுமார் 2.66 மீட்டர் வரும். ஏன் அந்த அளவு என்றால், குதிரைமேல் போகிறவர் தலை இடிக்கக் கூடாது. இதைக் கேட்ட பிறகு தூண்களுக்கு இடையே நடக்கும்போது அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியுமா? எனக்கு ஒரு குதிரைக்காரர் கூடவே வந்துகொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில் மதில்மேல் ஏறி நின்றால் கூரைகள்தான் வழிகாட்டி. வெளுத்துப்போன பழைய ஓடுகளுக்கு நடுவே பளிச்சென்று சிவந்த ஓடுகள். 1991, 92 முற்றுகையில் குண்டு விழுந்த இடங்களில் போட்ட ஓடுகள் அவை. பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 அடிபட்டன. இதை ஒருவர் சொன்ன பிறகு "என்ன அழகான சிவப்புக் கூரை" என்று படம் எடுத்துக்கொண்டிருந்த கைபேசிகள் கொஞ்ச நேரம் கீழே இறங்கும்.

பழையது என்றால் என்ன என்பதே சில ஊர்களில் சிக்கல். வார்சாவின் பழைய நகரம் 1944இல் பெரும்பாலும் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது போருக்குப் பிறகு எழுப்பியது. 18ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளையும் வைத்துக்கொண்டு கட்டினார்கள். அதைத் தெரிந்தேதான் யுனெஸ்கோ 1980இல் பட்டியலில் சேர்த்தது, அந்த மறுகட்டுமானத்துக்காகவே. "அப்படியென்றால் இது போலியா?" என்று அங்கே யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை அடக்காமல் தெருவிலேயே வாதத்துக்கு விடுகிற வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

நடைமுறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கருங்கல் பாவிய தெருவில் மூன்று மணி நேரம் என்பது முழங்காலுக்கு நல்லதல்ல, புதுக் காலணி போட்டுக்கொண்டு வந்தால் வரலாறு குதிகாலில் எழுதப்படும். மெதுவாக நடப்பவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் விளக்கம் முடிந்த பிறகே வந்து சேர்கிறார்கள். அவர்கள் வந்ததும் குழு கிளம்பிவிடும். முதியவர்களுக்கு இது பெரிய அநியாயம். கடைசி ஆள் வந்து சேரும்வரை வாயைத் திறக்காத வழிகாட்டிகளும் உண்டு, நான் பார்த்தது இரண்டு பேர். ஒலிபெருக்கியைப் பற்றி என்ன சொல்வது? அந்தச் சன்னலுக்குப் பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம், ஒரு குழந்தை படித்துக்கொண்டிருக்கலாம். வெனிஸ் நகரம் 2024இல் ஒரு குழுவுக்கு 25 பேர்தான் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கிக்கும் தடை போட்டது. என்னைக் கேட்டால் 25உம் அதிகம். பன்னிரண்டைத் தாண்டினால் அது நடை அல்ல, ஊர்வலம்.

ஐரோப்பாவின் பல நகரங்களில், ஜெர்மனியில் மிக அதிகமாக, நடைபாதையில் மேலே பித்தளைத் தகடு பொருத்திய, பத்து சென்டிமீட்டர் அளவுள்ள கற்கள் பதிந்திருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. 2023இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. நாஜிகளால் கொண்டுபோகப்பட்டவர்கள் கடைசியாகத் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசலில் அவை இருக்கும். பெரும்பாலும் "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், என்ன ஆனார் என்பது. அவ்வளவுதான். கதை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தபோது, எங்களை அழைத்துப்போனவர் ஒன்றுமே பேசவில்லை. நான் கேட்ட மிகச் சிறந்த வழிகாட்டல்களில் அந்த மௌனத்துக்கு முதல் இடம்.

அந்தப் படிக்கட்டு நடைக்குச் சில நாட்கள் கழித்து வேறோர் ஊரில் இன்னொரு நடைக்குப் போனேன். ஒன்பது பேர். வழிகாட்டி நடுத்தர வயதுப் பெண்மணி. ஒரு வீட்டுச் சுவரில் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில், செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசல். கீழே படி இல்லை, பால்கனி இல்லை. "இது என்னங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். "ஆறு வருடமாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அதற்குப் பிறகு அந்தத் தெருமுனையில் நடந்ததைத்தான் நான் நடை என்பேன். வெளியே மரப் படிக்கட்டு இருந்திருக்கும் என்றார் ஒருவர். அப்படியென்றால் சுவரில் உத்தரம் செருகிய துளைகள் இருக்க வேண்டும், தேடுங்கள் என்றார் வழிகாட்டி. எல்லோரும் தேடினோம், இல்லை. கயிறு கட்டிச் சரக்கு ஏற்றிய வாசலாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். மேலே கப்பி மாட்டிய கட்டை எங்கே? அதுவும் இல்லை. எதிர்வீட்டுக்குப் பாலம் போயிருக்குமோ என்று ஒரு பள்ளிச் சிறுவன் கேட்டான். வழிகாட்டி திரும்பி எதிர்ச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. நடை இருபது நிமிடம் தாமதமாக முடிந்தது, ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் தனியாகப் போய் அந்த எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சரியாக அதே உயரத்தில் பூச்சின் நிறம் மட்டும் ஒரு கதவின் அகலத்துக்கு லேசாக மாறியிருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். "பார்த்தேன், இன்று மாலை ஏணியோடு போகிறேன்" என்று பதில் வந்திருக்கிறது.