ஐவிஏ-வில் இருந்தால் குழந்தை கூடாது என்பது தவறு

ஐவிஏ என்பது கடன் கொடுத்தவர்களோடு செய்துகொண்டு, கடனைத் தவணையாக அடைக்கும் சட்டப்படியான ஒப்பந்தம். "ஐவிஏ முடியும்வரை குழந்தை பெத்துக்கக் கூடாது, மீறினா ஒப்பந்தம் ரத்து" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் ஐவிஏ-வுக்கு அடிப்படை 1986 திவால் சட்டம். அதில் அப்படி ஒரு தடையே இல்லை. ஐந்தாறு வருஷம் ஓடும் ஏற்பாடு இது. வயது முப்பத்தைந்தைத் தாண்டிய தம்பதியிடம் "காத்திருங்கள்" என்பது சின்ன விஷயமா?

ஆபத்து குழந்தையால் இல்லை, தவணை நின்றுபோவதால். சட்டப்படியான மகப்பேறு ஊதியம் முதல் 6 வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90%. அடுத்த 33 வாரம் அரசு நிர்ணயித்த தொகை அல்லது அதே 90%, எது குறைவோ அது. அதனால் பெரும்பாலும் ஏழாவது வாரத்திலிருந்துதான் கையைக் கடிக்கும். கம்பெனி தனியாக ஏதாவது சேர்த்துத் தருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு, பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் எம்ஏடிபி1 படிவம் (கர்ப்பத்துக்கான சான்று) தருவார். அதையும் லீவில் வரப்போகும் சம்பளக் கணக்கையும் உங்கள் ஐவிஏ-வை நடத்தும் மேற்பார்வையாளருக்கு அனுப்பி, புது வரவு செலவுக் கணக்கு போடச் சொல்லுங்கள். டயப்பர், பால்மாவு செலவும் அதில் ஏறும். குழந்தைக்கான அரசு உதவித்தொகையும் வருமானமாகச் சேரும். தவணையைப் பெரிய அளவில் குறைக்க வேண்டுமென்றால் கடன் கொடுத்தவர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். வாக்களிப்பவர்களில் கடன் மதிப்பில் 75% ஆதரவு வேண்டும். மறுக்கவும் வாய்ப்புண்டு, காலம் நீளவும் கூடும். அதனால் லீவு தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.