பல்கலைக்கழகமும் அங்கே வேலை பார்ப்பவரின் உடம்பும்

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் 26 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விலங்கு உடல்களைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் நிரப்பிய மாதிரிக் குடுவைகளைப் பராமரிப்பதே வேலையாக இருந்த என் நண்பர் ஒருவர், பணிக்காலத்தின் கடைசி ஏழெட்டு ஆண்டுகளை இளைப்போடுதான் கழித்தார். வளாக மருந்தகத்துக்கு அவர் போகாத மாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் மருந்து கிடைத்தது. ஆனால் எந்த அறையில் வேலை, எதைக் கையால் தொடுகிறீர்கள், அங்கே சன்னல் திறக்குமா என்று ஒருவர்கூட அவரிடம் கேட்டதில்லை. அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். பணியிடத்தைப் போய்ப் பார்ப்பதும் தம் பொறுப்புதான் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

தொழில்சார் உடல்நலச் சேவை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. நோய் வந்தபின் செலவை ஈடுகட்டும் மருத்துவக் காப்பீட்டோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1985இல் நிறைவேற்றிய 161ஆம் உடன்படிக்கை இதை அடிப்படையில் தடுப்புப் பணி என்றே வரையறுக்கிறது: பணியிடத்தின் ஆபத்துகளைக் கண்டறிவது, வேலையோடு சேர்த்து ஊழியரின் உடல்நிலையைக் கண்காணித்து வருவது, வேலையை மனிதருக்கு ஏற்றபடி மாற்றியமைப்பது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. பின்லாந்திலோ, பல்கலைக்கழகம் உட்பட எந்த முதலாளியும் ஊழியருக்கு இச்சேவையை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

நம் வளாகங்களிலும் ஓரிடத்தில் இந்த முறை இருக்கிறது. கதிர்வீச்சோடு பணிபுரிபவர், தம்மீது படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பட்டையை அணிய வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, அவர் உடலில் பட்ட அளவைக் கணக்கிடுகிறார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பும் உண்டு. ஃபார்மலினிலிருந்து ஆவியாக வெளிவரும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த என் நண்பருக்குப் பட்டையும் இல்லை, பதிவேடும் இல்லை, நுரையீரல் திறனை ஊதிப் பார்க்கும் எளிய சோதனைகூட இல்லை. (கதிர்வீச்சு விதியும் வளாகத்துக்குள் தளர்ந்துவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தில்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரி இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பயன்பாடின்றிக் கிடந்த கோபால்ட்-60 கருவி 2010இல் பழைய இரும்பாக ஏலம் போனது. அதைப் பிரித்த கடைத்தெருவில் ஒருவர் உயிரிழந்தார்.)

படித்தவர்களுக்கு எதற்குக் கண்காணிப்பு என்று கேட்பவர்கள், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானை நினைத்துப் பார்க்க வேண்டும். நச்சு உலோகங்களே அவருடைய ஆய்வுத்துறை. 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய கையுறைமேல் சிந்தின. லேடெக்ஸ் கையுறையை அந்தத் திரவம் நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. நடை தடுமாறி, பேச்சு குழறி, இரத்தத்தில் பாதரசம் இருப்பது தெரியவந்தபோது ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. 1997 ஜூனில் அவர் இறந்தார். பாதரசத்தோடு பணிபுரிபவருக்குக் குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்யும் வழக்கம் இருந்திருந்தால், விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இது பொருந்தும். நாளுக்கு நான்கு வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டிப்போன ஆசிரியருக்கு ஓர் ஒலிவாங்கியும், விலங்குக் கூடத்தில் எலி முடிக்கு ஒவ்வாமை வந்தவருக்குப் பணியிட மாற்றமும் இந்தச் சேவைக்குள் அடங்குபவைதான்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. தொழில்சார் மருத்துவம் பயின்ற ஒருவரைப் பகுதிநேரமாகவாவது பல்கலைக்கழகங்கள் நியமிக்க வேண்டும். அவர் பருவத்துக்கு ஒருமுறை எல்லாத் துறைகளுக்கும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பணியில் சேரும் நாளில் ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நலப் பதிவேடு தொடங்கப்பட்டு, ஓய்வு பெறும்போது அதன் நகல் அவர் கைக்குப் போக வேண்டும். முக்கியமாக, அந்தப் பதிவேட்டில் ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர் இருக்க வேண்டும். எங்கள் துறையின் கழிவுத் தொட்டியைத் தினமும் வெறுங்கையால் கழுவிய அம்மா, வருகைப் பதிவில் ஒப்பந்ததாரரின் ஆளாக மட்டுமே இருந்தார். தொட்டிக்குள் என்ன ஊற்றியிருக்கிறோம் என்று நாங்களும் ஒரு நாள்கூட அவரிடம் சொன்னதில்லை.