வளையும் கண்ணாடிச் சந்தை: பரப்பளவை விடுங்கள், எத்தனை தேறுகிறது என்று பாருங்கள்

வளையும் கண்ணாடி பற்றி வரும் சந்தைக் கணிப்புகள் பலவற்றில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. மடக்கு போனுக்கான 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணாடி, சுருளாக வரும் 100, 200 மைக்ரான் கண்ணாடி, வளைவுத் திரைக்கான அரை மில்லிமீட்டர் கண்ணாடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். இவை மூன்றுக்கும் இயந்திரம் வேறு, வாங்குபவர் வேறு, லாபம் வரும் இடமும் வேறு. கூட்டுத்தொகையை வைத்து யாரும் முதலீடோ வேலையோ முடிவு செய்துவிடக் கூடாது.

இன்று உண்மையான வருமானம் தருவது மடக்கு போன்தான். உலகில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் அதன் பங்கு இன்னும் ஒன்று, இரண்டு சதவீதம். ஆண்டுக்கு இரண்டு கோடி போன்கள், ஒவ்வொன்றிலும் 200 சதுர சென்டிமீட்டர் கண்ணாடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 லட்சம் சதுர மீட்டர். 30 மைக்ரான் கண்ணாடி சதுர மீட்டருக்கு 75 கிராம்தான் என்பதால், உலகம் முழுவதற்கும் ஓராண்டுத் தேவை சுமார் 30 டன். ஜன்னல் கண்ணாடி செய்யும் ஒரு சாதாரண உலை ஒரே நாளில் இதைப்போல் பல மடங்கு வார்த்துத் தள்ளும். ஆக, இது கண்ணாடி உருக்கி விற்கும் வியாபாரமே இல்லை. வார்த்த பிறகு நடக்கும் வேலைக்குத்தான் காசு.

ஏன் 30 மைக்ரான்? வளைக்கும்போது மேற்பரப்பில் விழும் இழுவிசை, கண்ணாடியின் தடிமனுக்கு நேர்விகிதம், வளைவின் ஆரத்துக்கு எதிர்விகிதம். 1.5 மில்லிமீட்டர் ஆரத்தில் 30 மைக்ரான் கண்ணாடியை மடித்தால் சுமார் 700 மெகாபாஸ்கல் (இழுவிசையை அளக்கும் அலகு). அதே மடிப்பில் 100 மைக்ரான் கண்ணாடி என்றால் 2,300ஐத் தாண்டும். முதல் எண்ணைத் தாங்க வைக்கலாம். இரண்டாவதை லட்சக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளில் நம்ப முடியாது.

தாங்க வைப்பது எப்படி என்பதில்தான் தொழிலே இருக்கிறது. உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில், சுமார் 400 டிகிரியில் கண்ணாடியை முக்குவார்கள். சோடியம் வெளியேறி, அளவில் பெரிய பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கி உட்காரும். மேற்பரப்பு அழுத்தத்தில் இருக்கும். தடித்த கண்ணாடிக்கு இது மணிக்கணக்கான வேலை. 30 மைக்ரானுக்கு அப்படிச் செய்தால் நடுப்பகுதியின் இழுவிசை ஏறிவிடும். இரண்டு பக்கமும் ஊடுருவல் ஆழம் சற்றே மாறினால் தகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆழம் சில மைக்ரானோடு நிற்க வேண்டும், நேரக் கட்டுப்பாடு மிக இறுக்கமாக இருக்க வேண்டும்.

இதைவிடத் தொல்லை பிடித்தது விளிம்பு. வெட்டும்போது விழும் ஒரு மைக்ரான் விரிசல் போதும், உடைவு அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் பல தகடுகளைப் பிசினால் ஒட்டி அடுக்காக்கி வெட்டுவது, பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் விளிம்பை அரித்து விரிசல் முனைகளை மழுங்க வைப்பது என்று பல வழிகள். வெட்டு, விளிம்பு, அமிலம், உப்புத் தொட்டி, கழுவல், ஒட்டல் என்று ஆறு கட்டம். கட்டத்துக்கு 95 சதவீதம் தேறினால் கடைசியில் 74 சதவீதம்தான் மிஞ்சும். 90 என்றால் பாதி குப்பைக்குப் போகும். விலை இறங்குமா என்று கேட்பவர்கள் இந்த ஒரு கணக்கைத்தான் துருவ வேண்டும்.

இரண்டு லட்சம் முறை மடித்துப் பார்த்தோம் என்ற விளம்பரத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. விநாடிக்கு ஒரு மடிப்பு என்றால் இரண்டரை நாளுக்குள் முடிந்துவிடும் சோதனை அது. கண்ணாடியின் எதிரி நேரமும் ஈரப்பதமும். இழுவிசையில் இருக்கும் விரிசல் முனையில் நீர் மூலக்கூறு சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க, விரிசல் மெல்ல வளரும். பையில் மடித்தபடி மாதக்கணக்கில் கிடப்பதுதான் உண்மையான சோதனை. சப்ளையரிடம் 60 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் மடித்தே வைத்த தரவைக் கேளுங்கள். வலிமையின் சராசரியைக் காட்டினால் ஒதுக்கிவிட்டு, மிகப் பலவீனமான ஒரு சதவீதம் எங்கே உடைந்தது என்று கேளுங்கள்.

சுருள் கண்ணாடியின் கதை வேறு. அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங் 2012இல் வில்லோ என்ற சுருள் கண்ணாடியை அறிவித்தபோது, திரைக்கு அடித்தளமே அதுதான் ஆகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆகவில்லை. தடித்த கண்ணாடி மேல் பாலிமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைப் பூசி, மேலே திரையைக் கட்டி, லேசரால் உரித்தெடுக்கும் முறை, ஏற்கெனவே இருந்த தகடு இயந்திரங்களிலேயே ஓடியது. யார் சுருள் இயந்திரத்துக்கு மறுபடி முதல் போடுவார்கள்? அடித்தளத்தில் தோற்ற கண்ணாடி, 2020இல் சாம்சங்கின் இசட் ஃபிளிப் மடக்கு போன் வழியாக, திரையின் மேலுறையாகத் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சாம்சங் விட்ட ஃபோல்ட் போனில் மேலுறையும் பாலிமைடுதான்.

சுருளுக்கு இனி இடம் உண்டென்றால், அது வெப்பமும் ஈரத்தடுப்பும் ஒன்றாகத் தேவைப்படும் சூரிய மின்கலம், ஓஎல்இடி விளக்கு போன்றவற்றில். அங்கே பிளாஸ்டிக்கோடு விலையில் மோத வேண்டும் என்பதால் வேகமான வளர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

மடக்கு திரையில் அடுத்த நகர்வு தடிமனை நோக்கித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மடிப்புக் கோட்டில் மட்டும் மெல்லியதாகவும் மற்ற இடத்தில் தடிப்பாகவும் அரித்த கண்ணாடி, மடிப்புத் தடத்தையும் குறைக்கும், பேனா முனை விழுந்தாலும் தாங்கும். ஆனால் மெலியும் இடத்தின் சரிவு சீராக இல்லாவிட்டால் ஒளி கோணலாகத் தெரியும்; மெலிந்த பள்ளத்தை நிரப்பும் பிசினின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கண்ணாடியோடு பொருந்தியாக வேண்டும். தேறும் விகிதம் முதலில் மறுபடி விழும். அந்த வீழ்ச்சியைத் தாங்கும் பணபலம் உள்ள இரண்டு மூன்று பேர்தான் இந்தச் சந்தையில் மிஞ்சுவார்கள்.