வாட்ச்மேன் அண்ணனை நிறுத்திட்டு ஏஐ கேமராவாம்

எங்க பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்ல மூணு நாளா ஒரே பஞ்சாயத்து. காரைக்குடி பக்கத்துல எங்க பெரிய வீடு வருஷத்துல பதினோரு மாசம் பூட்டித்தான் கிடக்கு, பொங்கலுக்கும் படைப்புக்கும்தான் திறப்போம். காவலுக்கு ஒரு அண்ணன் இருபது வருஷமா இருக்காரு, அவரை நிறுத்திட்டு ஏஐ கேமரா மாட்டிரலாம், ஆள் நுழைஞ்சா போனுக்கு அலாரம் வந்துரும்னு சிங்கப்பூர் பங்காளி ஆரம்பிச்சு வச்சாரு, பாதிப்பேர் கட்டைவிரலும் தூக்கியாச்சு. நான் வேணாம்னேன். வெவரம் தெரியாம பேசுறான்னு நெனைச்சிரக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

2019ல பெல்ஜியத்துல லூவன் யுனிவர்சிட்டிக்காரங்க மூணு பேர் ஒரு கலர் படத்தை பிரிண்ட் போட்டாங்க, 40 சென்டிமீட்டர் சதுரம், பார்த்தா கலங்கலான ஓவியம் மாதிரி இருக்கும். அதை வயித்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நின்னா, படத்துல ஆள் எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிக்கிற யோலோங்கற சாஃப்ட்வேர் பக்கத்துல நிக்கிறவரைச் சுத்தி கட்டம் போடுது, இவரை விட்டுருது. மூஞ்சிய மூடல, இருட்டும் இல்ல, ஆள் முழுசா நிக்கிறாரு!

மெஷினுக்குத் தெரியிறது வெறும் நம்பருதான். 224க்கு 224 புள்ளி உள்ள சின்னப் படத்துலயே மூணு கலருக்கும் சேத்து ஒன்றரை லட்சம் நம்பர் வருது. மளிகைக்கடைத் தராசுல ஒரு அரிசிய போட்டா முள்ளு அசையாது, ஒன்றரை லட்சம் அரிசியும் ஒரே தட்டுல விழுந்தா? அப்படித்தான் ஒவ்வொரு நம்பரையும் நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவு, மெஷின் தப்பு பண்ற பக்கமாவே பாத்து நகட்டுறாங்க. 2014ல குட்ஃபெல்லோங்கற ஏஐ ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் பாண்டா படத்துல இதைப் பண்ணுனப்ப மெஷின் அதைக் கிப்பன் குரங்குன்னு 99.3% உறுதியா சொல்லுச்சு. பாண்டான்னு சரியா சொன்னப்ப 57.7% தான். தப்பா சொல்றப்பதான் தைரியம் ஜாஸ்தி.

"நம்மூர் திருடன் இதெல்லாமா பண்ணுவான்"னு ஒரு தம்பி சிரிக்கிறான். பண்ண மாட்டான், ஒத்துக்கறேன். ஆனா போன பொங்கலுக்கு எங்க வளவுல தரையில பதிச்ச பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லை அக்கா மகன் ஒரு ஆப்ல காட்டுனான், கம்பளம்னுச்சு. அங்க யாரும் அதை ஏமாத்தலையே. பூனை உருவத்துக்கு யானைத்தோலை ஒட்டிக் காட்டினா யானைங்குதுன்னு 2018லயே ஜெர்மனியில சோதிச்சு எழுதிட்டாங்க, உருவத்தை விட்டுட்டு மேல்பூச்சைத்தான் பிடிச்சுக்குது. எங்க அப்பத்தா கண்ணாடி இல்லாமலே கால் வச்ச குளிர்ச்சியில சொல்லிரும் என்ன கல்லுன்னு.

கேமரா மாட்டுங்க, வேணாங்கல. அந்த அண்ணனை நிறுத்தாதீங்க. ஐப்பசி மழையில ரெண்டாங்கட்டு ஓடு சரிஞ்சப்ப ராத்திரியோட ராத்திரியா ஏறி தார்ப்பாய் கட்டுனது அவருதான், இல்லைன்னா தேக்குத் தூண் பூராவும் நனைஞ்சிருக்கும். சிங்கப்பூர் அண்ணே, சம்பளத்துல என் பங்கை ரெண்டு மடங்கா போட்டுக்கங்க, அந்தக் கட்டைவிரலை மட்டும் எடுத்துருங்க.