கத்னா: ஷாஃபி வீடுகளுக்கு இது கடமை

கத்னா, அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது, ‘விரும்பத்தக்க வழக்கம் மட்டுமே’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது ஹனஃபி, மாலிக்கி என்ற மத்ஹபுகளின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளின்) நிலை. கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபு. அதில் இது வாஜிபு, அதாவது கடமை. குர்ஆனில் நேரடி வசனம் கிடையாது. இப்ராஹீம் நபியின் மார்க்கத்தைப் பின்பற்றச் சொல்லும் 16:123-ஐயும், அவர் 80 வயதில் கத்னா செய்துகொண்டதாக வரும் புகாரி தொகுப்பின் ஹதீஸையும் (நபிமொழியையும்) இணைத்தே ஷாஃபி அறிஞர்கள் வாதிடுகிறார்கள்.

ஆனால் கடமையாவது பருவமடைந்த பிறகுதான். பிறந்த ஏழாம் நாள் என்பது சிறப்பு, அவ்வளவே. உடலுக்கு ஆபத்து என்றால் தள்ளிப்போட மார்க்கமே இடம் தருகிறது. பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்கணும்: சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் வெட்டவே விடாதீர்கள், பின்னால் சீரமைக்கும் அறுவைக்கு அந்தத் தோல் தேவைப்படும். தாய்வழியில் இரத்தம் உறையாத நோய் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.